பரணில் மோர்மிளகாய்

சாம்பல் புதன் கழிந்த முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்த பவுல், தெற்குக் கடலோர நகரின் கால்சாப் பகுதியில் தன் வீட்டு மொட்டை மாடியில் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒஸ்லோவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மகள் ஜெனுஷாவின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்த மனைவி புனிதமலர். முகம் இருட்டில் இருந்தது. குரலும் தாழ்ந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, மருமகன்ரை வீடு ஒழுகுது."

"பனியாலையோ?"

"ஓம். கூரையிலை பனி உருகி ஓரத்துக்கு வருதாம். ஓரம் குளிர்தானே, அங்கை திரும்ப உறைஞ்சு அணை மாதிரி நிக்குது. பின்னாலை வாற தண்ணிக்குப் போக வழியில்லை. ஓட்டுக்குக் கீழாலை உள்ளை இறங்குது. விமலராஜ் ஏணி வைச்சு ஐஸ் கொத்துறார்."

"பக்கத்து வீடுகளிலை?"

"அங்கை பனி அப்பிடியே கிடக்கு. வீடு வித்தவன் ஏமாத்திப்போட்டான் எண்டு இவர் கொதிக்கிறார். இப்ப அவனோடை சண்டைக்குப் போகப்போறார்."

"ஏன் உங்கடை கூரை மட்டும் உருகுது?"

புனிதமலர் கைப்பேசியைத் திருப்பினார். அவர் கூரைக்கு நேர் கீழே, பரணில் இருந்தார். தட்டுத் தட்டாக மோர்மிளகாய். நடுவில் ஹீற்றர் சிவந்து எரிந்தது.

"கோதாரி," என்றார் பவுல்.

"நீங்கள்தானே மிளகாய் முடிஞ்சுபோச்சு, சோறு இறங்குதில்லை எண்டனியள். இஞ்சை வெயில் எங்கை? ஒரு கிழமையா ஒருத்தருக்கும் தெரியாமல் காயவைக்கிறன்."

பவுலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"முதல் ஹீற்றரை நிப்பாட்டு. போய் மருமகனிட்டைச் சொல்லு."

"என்னெண்டு சொல்ல? மாமி வந்து கூரையை உருக்கிப்போட்டா எண்டோ?"

"அப்ப அவர் போய் வித்தவனிட்டை அவமானப்படட்டோ?"

புனிதமலரின் கண் கலங்கியது.

"கீழை போய் அவரிட்டைப் போனைக் குடு. நான் கதைக்கிறன்."

ஒரு கையில் மிளகாய்த் தட்டோடு புனிதமலர் இறங்கினார். திரையில் விமலராஜின் முகம் வந்தது. மீசையில் பனி.

"தம்பி, வித்தவனிலை பிழையில்லை. பரணிலை ஹீற்றர் எரிஞ்ச சூட்டிலைதான் கூரைப் பனி உருகினது. பிழை என்னிலை. அங்கையே மோர்மிளகாய் காயவைச்சுக் கொண்டுவா எண்டு மாமியை ஆக்கினைப்படுத்தினது நான்."

பூசையில் மன்றாடிவிட்டு வந்த வாய். பொய் தடங்கலில்லாமல் வந்தது.

விமலராஜ் தட்டைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார். பவுலுக்குப் பின்னால் சட்டைகள் வெயிலில் பளபளத்தன.

"மாமா, உங்கை இப்பிடி வெயில் எறிக்குது. பிறகேன் மிளகாயை இஞ்சை காயவைக்கச் சொன்னியள்?"