நல்லி எலும்பும் கோலி சோடாவும்

"ஏட்டி, ஒனக்கு வாய் இருக்கா, இல்லையா?"

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பனார் அபுதாஹிர் கேட்ட கேள்வி இது. வந்தது அக்கா நூர்பானுவைப் பார்க்க. தேநீர் கொண்டுவந்த தங்கை ஆரிபாவிடம் பெயரைத்தான் கேட்டார். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். வகுப்பில் எழுந்து பேசப் பயந்து எட்டாவதோடு பள்ளிக்கூடத்தையே விட்டவள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ராஜபாளையத்தில் நூர்பானுவின் நிக்காஹ். பந்தலில் காலடி வைக்க இடமில்லை. நெய்ச்சோற்று வாசம் தெருமுனையிலேயே ஆளை இழுத்தது. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தா, பெண்ணின் அத்தாவுக்கு முதல் கவளம் ஊட்ட வேண்டும். மறுத்தால் உறவையே மறுத்த மாதிரி.

ஆரிபா திரைக்குப் பின்னால் நின்று அந்தச் சஹனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தா நைனா முகமதுக்குப் பித்தப்பையில் கல். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் துணைக்குப் போனவள் அவள்தான். "கொழுப்பு உள்ள போனா பித்தப்பை சுருங்கும், கல்லு அடைச்சுக்கிடும். ஆபரேசன் வரைக்கும் நெய்யி, நல்லி, மூளை எதுவும் ஆகாது" என்று சொல்லி, சீட்டிலும் எழுதித் தந்திருந்தார். அத்தாவோ, "சீக்காளி வீட்டுப் பொண்ணும்பாக. கல்யாணம் முடியுற மட்டும் மூச்சு விடாத" என்றுவிட்டார்.

"எம்புட்டு மெலிஞ்சிட்டிய சம்பந்தி! தெம்பு வேணாமா?" அபுதாஹிர் நல்லி எலும்பைத் தட்டி, வழிந்த மஜ்ஜையை நெய்ச்சோற்றில் பிசைந்து உருட்டினார்.

"இன்னொரு நல்லி குடு, நைனா மலையேறி எறங்கிருவாரு!" என்றார் அதே சஹனில் இருந்த அவர் கூட்டாளி சேக் முகைதீன். சிரிப்பு வெடித்தது. அத்தா வாயைத் திறந்தார்.

"மாமா! குடுக்காதிய!"

பந்தலே திரும்பியது. ஆரிபாவின் நாக்கு நிற்கவில்லை.

"அத்தாவுக்குப் பித்தப்பையில கல்லு மாமா. இதத் தின்னா செத்த நேரத்துல வலது விலாவுல குத்தும். தோள்பட்டைக்கு ஏறும், வாந்தி வரும். வாயுன்னு நெனச்சு சோடாவாக் குடிச்சாக. சோடாவுக்கெல்லாம் போகாது மாமா! டாக்டரு சீட்டுல எழுதியே குடுத்திருக்காரு!"

கவளம் அந்தரத்தில் நின்றது.

"வலது விலாவா?" என்றார் அபுதாஹிர்.

"ஆமா மாமா."

"தோள்பட்டைக்கா ஏறும்?"

"ஏலே தாஹிரு," சேக் முகைதீன் மெல்ல இழுத்தார், "நீயும் ரெண்டு வருசமா விருந்துக்கு விருந்து கோலி சோடா ஒடைக்கியே..."

அபுதாஹிர் கவளத்தைச் சஹனில் வைத்தார். "அந்தச் சீட்டக் கொண்டா தாயி."

திரை இடுக்கில் அவள் நீட்டிய சீட்டை வரிவரியாகப் படித்தார். பிறகு வெறுஞ்சோறு கொண்டுவரச் சொல்லி, ரசம் ஊற்றிப் பிசைந்து நைனா முகமதுக்கு ஊட்டினார். பந்தல் ஆரவாரித்தது. ஆரிபா அழுதுகொண்டே சிரித்தாள்.

அபுதாஹிருக்கென்று எடுத்துவைத்திருந்த நல்லி அப்படியே கிடந்தது. அவர் கையைக் கழுவினார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.