பதினைந்து நொடிப் பாட்டு

கனமேயின் முன்பல் இரண்டை உடைத்தது நான்தான். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அவன் நெட்டை, நான் அவன் தோளுக்குக்கூட வரமாட்டேன். ஆனால் பத்து வருடம் டிரம்ஸ் அடித்த கை என்னுடையது.

எங்கள் குழுவில் மூன்றே பேர். கனமே பாடுவான், கிட்டார் வாசிப்பான். ஹதோரி பேஸ் கிட்டார். டிரம்ஸ் நான், பாட்டெழுதுவதும் நான். ஜப்பானில் கவாசாகி நகரத்தில், ரயில் பாலத்தடியில் ஒரு ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்வோம். உள்ளே போகுமுன் கைபேசிகளை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஒலிபெருக்கியில் கரகரவென்று இரைச்சல் வரும்.

என் தங்கை சிசுரு செத்த அன்றும் என் போன் கூடையில்தான் கிடந்தது. அவள் புருஷன் குடித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியால் அவளை அடித்தான். குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டு அவள் என்னை ஆறு தடவை போனில் கூப்பிட்டாள். போலீசைக் கூப்பிடவில்லை, அக்காவைக் கூப்பிட்டாள். நான் வெளியே வந்து போனை எடுத்துப் பார்த்தபோது, அங்கே தாழ்ப்பாள் உடைந்து எல்லாம் முடிந்திருந்தது. அந்த நாசமாய்ப் போனவன் இப்போது சிறையில் களி தின்கிறான். ஏன் எடுக்கவில்லை என்று அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம்தான் அந்தப் பாட்டை எழுதினேன். ‘ஆறு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை.’ அந்த வரிதான் பாட்டு, மற்றதெல்லாம் அதைச் சுமக்க வந்த கூலிகள். கனமே அதைப் பாடும்போது சின்ன அரங்குகளில் ஆட்கள் மூக்கைச் சிந்துவார்கள். அதன் சிடி நானூறு பிரதி விற்றிருந்தது.

அப்போதுதான் ஒரு கைபேசி கம்பெனி தன் புது விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டது. டிவியில் பதினைந்து நொடி, மூலையில் சின்ன எழுத்தில் எங்கள் பெயர். எங்கள் ஊரில் ஒரு குழு பிழைப்பதும் அழிவதும் அந்தப் பதினைந்து நொடியில்தான். நானும் சரி என்றேன். என் தங்கையை நாடு முழுக்கக் கேட்கட்டும் என்று நினைத்தேன், மடச்சி.

வெள்ளிக்கிழமை விளம்பரம் தொடங்கியது. என் அறையில் டிவி கிடையாது. ஞாயிறு மதியம் அம்மாவுக்கு பல்பு வாங்க மின்சாமான் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க நாற்பது டிவி. நாற்பதிலும் ஒரே பெண் மழையில் ஓடினாள், போனைக் காதில் வைத்துச் சிரித்தாள். நாற்பதிலும் கனமே பாடினான்: ‘ஆறு தடவை கூப்பிட்டாய், ஆறு தடவையும் நான் எடுத்தேன்.’

பல்பைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, அதன் காசை மேசையில் வைத்துவிட்டு நேராக ஸ்டூடியோவுக்கு நடந்தேன்.

கனமே கிட்டாருக்குத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தான். ஹதோரி ஒரு மூலையில் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தான்.

“யாருடா வரிய மாத்தினது?” என்று கேட்டேன்.

“வந்துட்டியா மித்சு, உக்காரு.” கனமே தலையைத் தூக்கவில்லை. “போன் விளம்பரத்துல போன எடுக்கலன்னு பாடலாமா? கல்யாண வீட்டுல ஒப்பாரி பாடுற மாதிரி இருக்குன்னாங்க. ஒரே ஒரு வரிதானே.”

“என்ன ஏன் கேக்கல?”

“கேட்டா நீ ஒத்துப்பியா?”

என் பெயர் முத்திரை குழுவின் தகர டப்பாவில், அவன் வீட்டில் இருந்தது. கையெழுத்துக்குப் பதில் அதைக் குத்தினால் போதும். ஒவ்வொரு காகிதத்துக்கும் நான் அலைய வேண்டாமே என்று அவனிடம் விட்டிருந்தேன். நான் சம்மதித்ததாக அவனே குத்திக் கொடுத்திருக்கிறான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“நிறுத்தச் சொல்லு,” என்றேன்.

“முடியாது. மூணு மாசம் ஓடும். எனக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு மித்சு, இன்னும் வீடு மாத்துறவங்களுக்கு பீரோ தூக்கிட்டிருக்கேன். செத்தவளுக்காக நானும் சாகணுமா?” பிறகு சிரித்தான், வெட்கம் கெட்டவன். “நம்மள்ல ஒருத்தர் ஜெயிலுக்குப் போனா நிக்கும். உடனே தூக்கிடுவாங்க. போறியா?”

அது வெறும் பேச்சில்லை. பாடினவனோ வாசித்தவனோ கைதானால் அந்த விளம்பரம் அதற்கப்புறம் ஓடாது. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

டிரம்ஸின் சிம்பல் தட்டை மாட்டும் இரும்புத் தாங்கியைத் தூக்கி அவன் வாயில் அடித்தேன். பல் தெறித்து ஹதோரியின் காலடியில் விழுந்தது. கனமே எழுந்து என் அடிவயிற்றில் உதைத்தான். தலைமுடியைப் பிடித்து என் முகத்தைச் சுவரில் இரண்டு தடவை மோதினான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன், ரத்தம் வரும்வரை விடவில்லை. ஹதோரி நடுவில் புகுந்து, “போதும், ரெண்டு பேரும் நாய் மாதிரி,” என்று சொல்லி ஆளுக்கொரு அடி வாங்கிக்கொண்டு விலகினான்.

கூடையிலிருந்து போனை எடுத்து நானே போலீசைக் கூப்பிட்டேன். நான் ஒரு ஆளை அடித்துவிட்டேன், வந்து பிடித்துப் போங்கள் என்றேன்.

நரைத்த மீசை வைத்த ஒரு காவலர் வந்தார். கனமே துண்டால் வாயை மூடிக்கொண்டு குனிந்து வணங்கினான்.

“மன்னிக்கணும் சார், வீணா அலைய வச்சிட்டோம். ஆம்ப்ளிஃபயர தூக்கும்போது வழுக்கி விழுந்துட்டேன்.”

“பொய் சார். நான்தான் அடிச்சேன்,” என்றேன்.

“அவ பதட்டத்துல உளர்றா சார். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை ஒண்ணுமில்ல.”

காவலர் ஹதோரியைப் பார்த்தார். ஹதோரி தரையைப் பார்த்தான். காவலர் குறிப்பேட்டை மூடினார். “பல் டாக்டர்கிட்ட போங்க. பாத்து, பத்திரமா இருங்க,” என்றார்.

சிசுருவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை போலீசைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு தடவையும் அவள் வீங்கின வாயோடு வாசலில் நின்று வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாள். இரண்டு தடவையும் இதே மாதிரி ஒருவர் குறிப்பேட்டை மூடிவிட்டுப் போனார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. அதே தாங்கியால் காவலரின் தோளில் ஓங்கிப் போட்டேன். தொப்பி பறந்தது. அவர் முழங்கால் மடங்கி விழுந்தபோது இன்னொன்றும் போட்டேன். பாவம், நல்ல மனுஷர். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

அதற்கு யாருடைய புகாரும் தேவைப்படவில்லை, அங்கேயே கைதானேன். செவ்வாய்க்கிழமை விளம்பரம் போய்விட்டது. மழையில் ஓடிய பெண்ணுக்குப் பதிலாக ஒரு நாய்க்குட்டி வந்ததாம், பாட்டு இல்லாமல். கடைகளிலிருந்து எங்கள் சிடிகளையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், என் பழைய வரி இருந்ததையும் சேர்த்து. காவலறையில் இதைக் கேட்டபோது நிம்மதியாக இருந்தது. பொய்யை விட ஒன்றும் இல்லாதது மேல் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் அம்மா மாற்றுத்துணி கொண்டுவந்தாள். எங்களுக்கு நடுவில் துளை போட்ட கண்ணாடித் தடுப்பு. என் உடைந்த மூக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தப் பாட்ட ஏன் நிறுத்திட்டாங்க?” என்றாள்.

“நான்தாம்மா நிறுத்தினேன். அது பொய்.”

“பொய்னு எனக்குத் தெரியாதா?” அம்மா மடியில் இருந்த பையின் காதை முறுக்கினாள். “நாலு நாள் டிவி முன்னாடியே உக்காந்திருந்தேன். சோறுகூட அங்கதான். அவ கூப்பிடுறா, நீ எடுக்குற. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவ எடுத்தே. நானும் உன்ன அத்தன தடவ மன்னிச்சேன்.”

கண்ணாடியில் கையை வைத்தேன். “அம்மா,” என்றேன்.

“இப்ப நாய்க்குட்டிதான் வருது,” என்றாள்.

நேரம் முடிந்தது என்று என் பின்னாலிருந்த காவலர் சொன்னார். அம்மா எழுந்து அவரைக் குனிந்து வணங்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போனாள்.