அதிகாரி முன்னால் பேசுகிற மொழி

ஒருவர் தன் தாய்மொழி இதுதான் என்று தன் வாயால் சொல்லிவிட்டால் அதுவே முடிவு. அதிகாரியோ கோர்ட்டோ அதற்குமேல் துருவக் கூடாது. திருப்பதிப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கோட்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் தாட்சாயணி ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். ஆந்திராவும் சென்னை ராஜ்யமும் எல்லைக் கிராமங்களுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். ஏழை ஜனங்களின் வாய்ச்சொல்லுக்கு ஒரு காவல் போட்டுவிட்டதாக அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவர் பெற்ற தகப்பன்.

சத்தியவேட்டுப் பக்கம் வேர்க்கடலை போடுகிற தமிழ்க் குடும்பம் அவளுடையது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க வீட்டு மொழி விசாரிக்க வந்த அதிகாரி முதலில் நுழைந்தது அவள் அப்பா திருவேங்கடத்தின் வீட்டில். வந்தவர் தெலுங்கர். அந்தப் பக்கத்தில் அதிகாரியிடம் தெலுங்கில் பேசுவதுதான் மரியாதை. திருவேங்கடமும் அப்படியே பேசி, வீட்டு மொழியும் தெலுங்குதான் என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினார். பெரிய வீடே சொன்ன பிறகு மற்ற வீடுகள் மாற்றிச் சொல்லுமா? ஊர் ஆந்திராவுக்குப் போகிறது என்று பேச்சு வந்ததும் அதே ஜனங்கள் அவர் முகத்தில் விழிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மனிதர் பஸ் ஏறி மகளிடம் வந்தார்.

"ஊர்ல ஒருத்தனும் என்னாண்ட பேசறதில்ல. வீடு தேடி வந்த மனுசனை நோவடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ சட்டம் படிச்சிக்கினு கீற. எதனா பண்ணு தாட்சு."

"நான் சொன்னா செல்லாது நைனா. நீயே எங்க டைரக்டராண்ட வந்து, நாங்க தமிழ்க்காரங்கன்னு சொல்லு. மறுவிசாரணை வேணும்னு மேலிடத்துக்கு அவர் எழுதுவார்."

டைரக்டர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, தெலுங்கில் நலம் விசாரித்தார். திருவேங்கடம் குளிர்ந்துபோனார். மழை, கடலை விளைச்சல் என்று தெலுங்கிலேயே பேச்சு ஓடியது. கடைசியில் டைரக்டர், வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்.

"மாதி தெலுகே சார்," என்றார் அவர், கைகூப்பி.

தாட்சாயணி எழுதியபடி பார்த்தால் இனி யாரும் குறுக்கே பேசக் கூடாது. பேசாமல் இருந்தால் ஊர் போச்சு. ஊருக்குள் அவரும் செத்தவருக்குச் சமம்.

"இவர் சொன்னது பொய் சார்," என்றாள். "எங்க வீட்டுல தமிழ்தான்."

டைரக்டர் அவள் பக்கம் திரும்பினார். "மறுவிசாரணைக்கு எழுதுகிறேன். ஆனால் நாளைக்கு வேறொரு ஊரில் ஓர் அதிகாரி, ஒரு குடியானவனைப் பார்த்து, நீ சொன்னது பொய் என்று இதையே சொல்வான். அப்போது உங்கள் கட்டுரை என்ன ஆகும்?"



அப்பாவை ஏற்றிவிடப் பஸ் நிலையம் வரை அவளும் நடந்தாள். பெரிய மனிதர் முன்னால் அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது.

"எனக்கு வேற வழி தெரியல நைனா," என்றாள்.

திருவேங்கடம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியே மகளைப் பார்த்து, "மீரு போண்டி," நீங்கள் போங்கள் என்று தெலுங்கில் மரியாதையாகச் சொன்னார். அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை தெலுங்கு பேசாத மனிதர்.