விட்டுப்போன பெயர்

வாசல் கேட்டில் ஒட்டியிருந்த துக்க அறிவிப்பைச் சித்தப்பா கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்தார். அதுவும் போதாமல் தன் ஸ்கூட்டரைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"தம்பி பேரே போடாம எடுத்துடுவீங்களா? எடுங்க பாக்கலாம்!"

அண்ணன் மகள்களில் பெரியவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கூடத்தில் அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். மின்மயானத்தில் பன்னிரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், தவறினால் நாளைதான். இப்போது பதினொன்றரை. வெளியே வண்டிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

தப்பு அவளுடையதுதான். காலையில் அச்சகத்தில் பெயர்ப் பட்டியல் கேட்டபோது மூளை ஓடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, அதிலிருந்த பெயர்களை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாள். சித்தப்பா அதில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், தன்னை விட்டுவிட்டு எல்லோரும் கடற்கரைக்குப் போன படத்தைப் பார்த்து, பதினோரு குரல்பதிவுகளில் அத்தனை பேரையும் கிழித்துத் தொங்கவிட்டார். அப்பாதான் அவரை நீக்கினார். "ஒரு வாரம் ஆறட்டும், அப்புறம் சேத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

அத்தையின் பெயரும் இல்லை. தன் பிறந்தநாளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போனவள் அவள். இப்போதும் கத்தவில்லை. வருகிறவர்களுக்குக் காபி கொடுத்தபடியே, "நான் யாருமில்லீங்க, பக்கத்து வீடு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்ததுகள்! ஒன்று வெடிக்கும், இன்னொன்று ஊமைக்குசும்பு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது இவள்.

"சித்தப்பா, தெரியாம நடந்துபோச்சு. ஸ்கூட்டர எடுங்க."

"உங்கப்பா என்னைத் தூக்கினதும் தெரியாமத்தானா?"

"அதுக்கு இன்னிக்கா சண்ட போடணும்?"

"வேற என்னிக்குப் போடறது? நாளைக்கு இருப்பாரா?"

சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. அந்தக் கோபத்துக்கு இன்னொரு நாற்காலி உருண்டது.

பெரியவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். அப்பா பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து அழக்கூட விடமாட்டேன் என்கிறார்களே! அலமாரியில் அப்பாவின் போன் இருந்தது. குழுவுக்கு அட்மின் அவர் மட்டும்தான். திறந்தாள். அத்தையைச் சேர்த்தாள். சித்தப்பாவையும் சேர்த்தாள்.

சமையலறையில் ஒரு போன் ஒலித்தது. காபி ஆற்றும் சத்தம் நின்றது.

ஜன்னல் வழியே பார்த்தாள். சித்தப்பா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'அண்ணன் உங்களைச் சேர்த்தார்' என்று அதில் வந்திருக்கும். பிறகு ஒற்றை விரலால் எதையோ தட்டினார்.

அவள் கையில் அப்பாவின் போன் அதிர்ந்தது.

'சரிண்ணே.'

சித்தப்பா உதைத்த நாற்காலிகளை நிமிர்த்தி வைத்தார். ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, எஞ்சினைப் போடாமல் தள்ளிக்கொண்டு போனார். அண்ணன் தூங்கும்போது வந்து போகையில் அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.