நல்லெண்ணத்துக்கு ஒரு பவுண்டு

கிரிம்ஸ்பி ஊர்ப் பள்ளிச் சமையற்கூடத்தில் லொரெய்ன் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தெரியாத எண். ஆறு வருஷமாக அப்படிப்பட்ட அழைப்புகளை அவள் எடுத்ததில்லை. அன்று எடுத்தாள். கணவன் ராய்க்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடிப்படி ஏற முடியாத அவனுக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்திருந்தாள். கடன் கறை இல்லாதவர்களுக்கே வீடு என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அழைப்பு அங்கிருந்தோ என்று நினைத்தாள்.

"லொரெய்ன்தானே கண்ணு? பழைய கேட்லாக் பாக்கி, முன்னூத்தி எண்பது பவுண்டு. பயப்படாதீங்க, முழுசும் கேக்கல. நல்லெண்ணத்துக்கு ஒரே ஒரு பவுண்டு கட்டுங்க. உங்க பேருக்கும் நல்லது."

பிள்ளைகளின் குளிர்கால மேலங்கிகளைக் கேட்லாக் புத்தகத்தில் பார்த்துத் தவணைக்கு வாங்கிய கடன் அது. வேலை போன வருஷம் தவணை நின்றுபோயிற்று. ஒரு பவுண்டுதானே என்று அட்டை எண்ணைச் சொல்லிவிட்டாள். அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது, பாவம்.

வியாழக்கிழமை நூலகத்தில் கடன்பட்டவர்களுக்கு இலவசமாக யோசனை சொல்லும் ரூத்திடம் இதைப் பெருமையாகச் சொன்னாள். ரூத் அவள் கொண்டுவந்த கடன் தாள்களைப் புரட்டினாள். அவள் முகம் சிவந்தது.

"கடைசித் தவணைக்கு அப்புறம் பணம் கட்டாம, எழுத்துல ஒத்துக்காம ஆறு வருஷம் முடிஞ்சிருந்தா, சட்டப்படி அவங்களால கேஸ் ஜெயிச்சிருக்க முடியாது. இன்னும் பதினோரு நாள்தான் இருந்துச்சு, லொரெய்ன். அந்த ஒரு பவுண்டால ஆறு வருஷமும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிடுச்சு."

"அப்ப வீடு?"

ரூத் தாள்களை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அந்தக் கடனைக் கேட்லாக் கம்பெனியிடமிருந்து சில்லறைக் காசுக்கு வாங்கிய வசூல் நிறுவனம், நாள் எண்ணிப் பார்த்துத்தான் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டிருந்தது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது இதுதான். உடனே வழக்குப் போட்டார்கள், தீர்ப்பும் வாங்கினார்கள். அந்தத் தீர்ப்பே கறையாகி, வீடு வேறொருவருக்குப் போயிற்று. ராய் இன்றும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் மாடி ஏறுகிறான்.

வசந்தம் வந்தது. ஒருநாள் உடன் வேலை பார்க்கும் டெனிஸின் கைப்பேசி அடித்தது. "ஒரு பவுண்டா? அதுக்கென்ன..." என்று அவள் பணப்பையைத் துழாவினாள். மசியல் ஒட்டிய கையாலேயே லொரெய்ன் கைப்பேசியைப் பிடுங்கினாள்.

"யோவ்! கடன் வாங்கினவ கட்டணும், அது எங்களுக்கும் தெரியும். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியிலேருந்துன்னு கடுதாசியில எழுதி அனுப்பு. அதைப் பாக்காம இவ ஒரு பென்னி தரமாட்டா. எங்களை இனிமே கண்ணுன்னு எவனும் கூப்பிட வேணாம்!"

டெனிஸின் கண் கலங்கியது. "வெக்கமா இருந்துச்சு லொரெய்ன். அதான் யார்கிட்டயும் சொல்லல."

"எனக்கும் அப்படித்தான்டி இருந்துச்சு. நம்ம வெக்கத்துலதான் அவனுங்க பொழைக்கிறானுங்க. கடன் இருக்கறது கேவலமில்ல. யாரையும் கேக்காம, எதையும் படிக்காம, பயந்துக்கிட்டே பணம் கட்டறதுதான் தப்பு. வியாழக்கிழமை என்கூட லைப்ரரிக்கு வா. வீட்ல இருக்கற எல்லாக் கடுதாசியையும் கொண்டா. பிரிக்காம வச்சிருக்கியே, முக்கியமா அதுங்களை."