தண்ணீரைக் காட்டிய கை

வணக்கம் கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியமா? இந்த வெயிலுக்கு மோர், நீராகாரம் ஏதாவது குடிக்கிறீங்களா? முழங்கால் வலிக்காரங்களுக்கு இப்போ தேவலையா? சரி, கேளுங்க.

அன்னவாசல் பக்கம் ஒரு கண்மாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அடைக்கலமேரிக்கு மண்வெட்டி பிடிக்கிற வேலை இல்லை. மரநிழலில் தூளி கட்டி, வேலைக்கு வந்த பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பொறுப்பு. அன்று ஒரே பிள்ளை, ரம்யாவின் இரண்டு வயது மகள் இசைவாணி. தூங்கிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். செல்போனில் எடுக்கும் அந்தப் போட்டோவில் முகம் விழாவிட்டால் அன்றைக்கு வேலைக்கு வந்த கணக்கே இல்லை. அஞ்சு நிமிஷம்தானே என்று அடைக்கலமேரியும் கரையேறிப் போனாள். அங்கே நெட் கிடைக்கவில்லை. அஞ்சு நிமிஷம் அரை மணியானது.

திரும்பி வந்தால் தூளி காலி. ஈர மண்ணில் பிஞ்சுக் கால்தடங்கள், மண் அள்ளிய பள்ளத்தை நோக்கிப் போயிருந்தன. அதில் கோடைமழைத் தண்ணீர் ஆள் கழுத்தளவு. ஓரத்தில் பெரிய ஆளுடைய ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது.

ரோட்டுப் பக்கம் கூச்சல் கேட்டு ஓடினாள். கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் திரிபுராக்காரன் பிஸ்வா ஈரம் சொட்டச் சொட்ட நின்றான். அவன் தோளிலிருந்த பிள்ளையை ரம்யாவின் அண்ணன் கவியரசன் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது, சின்னக் கண்ணு, சப்பை மூக்கு என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அந்த வாரம் முழுக்க எல்லார் செல்லிலும் சுற்றியது. முகம் பொருந்திவிட்டது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிஸ்வா என்னவோ சொன்னான். யாருக்கும் விளங்கவில்லை. கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினான். கூட்டாளி அங்கே ஒளிந்திருக்கிறான் போல என்று நாலு பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஆளைத் தேடினார்களே தவிர தண்ணீரைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைக் கவியரசன் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அடைக்கலமேரிக்கே கேட்டது.

பள்ளத்தில் விழுந்த பிள்ளையைத் தூக்கியது இவன்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் பிள்ளையை விட்டுப் போனது வெளியே வந்துவிடும், இத்தனை கையும் தன் பக்கம் திரும்பும். போலீஸ் வந்தால் அவனே சொல்லிக்கொள்வான் என்று தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தாள். அதற்குள் ஒருவர் கயிறு கொண்டுவந்து அவனை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். கவியரசன் கைக்கு மண்வெட்டிக் காம்பு வந்தது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஜெபக்குமார் போன மாதம் போனில் அழுதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தங்குமிடத்தில் யாருடைய செயினோ காணாமல் போக, இவன் பெட்டியை மட்டும் நடுக்கூடத்தில் கொட்டிப் பார்த்தார்களாம், ஆள் கறுப்பாக இருக்கிறான் என்று. அவர்களை மூன்று நாள் உட்கார்ந்து சபித்தவள் இவள்.

கவியரசன் காம்பை ஓங்கினான். அடைக்கலமேரி குறுக்கே போய் நின்றாள்.

"அடிக்காதீங்க தம்பி. புள்ளைய விட்டுட்டுப் போனது நாந்தான். போட்டோவுக்கு நிக்கப் போயிட்டேன்."

"தள்ளுக்கா. மூஞ்சியப் பாத்தாலே தெரியல, களவாணிப் பயன்னு?"

"எம்மவன் மூஞ்சியப் பாத்தும் அப்புடித்தான்யா சொன்னாங்க. இவரு செருப்பு பள்ளத்து ஓரத்துல கெடக்கு. போயிப் பாருங்க."

ரம்யா பிள்ளையின் கவுனைப் பிழிந்தாள். சேற்றுத் தண்ணீர் கொட்டியது. கழுத்துவரை அதே சேறு அப்பியிருந்த பிஸ்வாவைப் பார்த்தாள். பிறகு அடைக்கலமேரியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டுவிட்டு, கயிற்றை அவளே அவிழ்த்தாள்.

பிள்ளை பார்க்கும் வேலை போய்விட்டது. பிஸ்வாவை அடித்ததற்குப் போலீஸ் போட்ட வழக்கில் அடைக்கலமேரிதான் சாட்சி. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாவுக்கட்டோடு படுத்திருந்த பிஸ்வா, நல்ல கையைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பிடித்துக் காட்டி, என்ன ஆச்சு என்பதுபோலத் தலையை அசைத்தான். பிள்ளை நல்லா இருக்கிறாள் என்று இவளும் ஜாடையில் சொன்னாள்.

வாசலில் உள்ளே வரத் தைரியமில்லாமல் கவியரசன் நின்றான். அவன் தயங்கித் தயங்கி, பயந்துபோய்ச் செய்துவிட்டேன் என்றான்.

"நானும் பயந்துதான் வாயைத் தெறக்காம நின்னேன். நம்ம மொகத்துக்கு ஒரு நியாயம், வேத்து மொகத்துக்கு ஒரு நியாயம்னு வச்சா, அது நியாயமே இல்ல தம்பி. நம்ம பயம், அவரு கைய ஒடிச்சிருச்சு."

கண்ணுகளா, முகத்தை வைத்து உங்களை யாராவது திருடராக்கியதுண்டா? இல்லை, நீங்கள் யாரையாவது ஆக்கியதுண்டா? மறைக்காமல் எனக்கு எழுதிப் போடுங்க.