சந்தோஷமாக இருக்கும் நோயலை மீட்பது

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பேனரிலிருந்து கிடைத்தது. வடசென்னையில், டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே, ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில், கூலிங்கிளாஸ் போட்ட ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே சிவப்பு எழுத்தில், 'அந்நிய மண்ணில் வாடும் எங்கள் நோயலை மீட்டுத் தா!' வாடுகிறவன் முகமா அது? கல்யாண வீட்டில் பிரியாணி ரெண்டாம் தட்டு முடித்தவன் முகம். பஸ்ஸை விட்டுவிட்டு, பேனர் கட்டியவர்களைத் தேடிப் போனேன். எனக்கு வேறு வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். இருந்தது, செய்யவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். நோயல் ராயபுரத்துக்காரன். ஹார்பருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டியவன். ஏஜென்ட் ஒருவனைப் பிடித்து லாட்வியா என்கிற தேசத்துக்குப் போனான். அந்தத் தேசத்துக்காரர்களே எட்டிப் பார்க்காத கிழக்குக் கோடி ஒன்று அங்கே இருக்கிறது, லாட்காலே என்று பெயர். ஏரி, காடு, மாடு, அப்புறம் மறுபடியும் ஏரி. அங்கே ஒரு பால் பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறான். சந்தோஷமாக இருக்கிறான். பிரச்சினையே அதுதான்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி கொட்டிய அந்தக் காலையில், தாய்மண்ணை நினைத்து நோயலின் கண்கள் குளமாகி—

நினைக்கவே இல்லையாம். அடித்துவிட்டேன். [அவன் மனைவி டெபோராவிடம் கேட்டுத்தான் அடித்தேன். "தாய்மண்ணா? எண்ணூர் ரோட்டு மண்ணு மொத்தமும் அவன் நெஞ்சுலதான் கீது. தனியா வேற நெனைக்கணுமா?" என்றாள்.]

அடுத்தது:

வறுமை துரத்த, வேறு வழியின்றிக் கடல் கடந்த—

வறுமை துரத்தவில்லை. ஹார்பர் கேட்டுக்கு வெளியே லாரி வரிசையில் குந்திக் குந்தி வெறுத்துப்போய்க் கிளம்பினான். வெறுத்துப்போய்க் கிளம்பினவனுக்காக வாசகர்கள் அழ மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

மூன்றாவது:

டெபோரா வஞ்சிரத் துண்டைத் திருப்பிப் போட்ட நேரம் பார்த்து போன் அடித்தது.

இது நிற்கிறது. இப்படியே போகலாம்.

3.

டெபோரா வஞ்சிரத் துண்டைத் திருப்பிப் போட்ட நேரம் பார்த்து போன் அடித்தது. (சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருமுனையில் சாயங்காலம் மீன் வறுவல் கடை போடுகிறவள் அவள். நாலு பேர் சுற்றி நின்று சளசளக்காத இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டும்.)

"இன்னாம்மே, எப்டிக் கீற?" என்றான் நோயல்.

"ஏதோ கீறேன். இடுப்பு புட்டுகிச்சி. எண்ண விக்கிற வெலைக்குக் கடைய மூடிட்டு கோயில் வாசல்ல குந்தலாம். நீ எப்டிக் கீற?"

"நல்லா கீறேன்."

டெபோரா காத்திருந்தாள். மீதி வரவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்.* எங்கள் பக்கத்தில் 'எப்டிக் கீற' என்று கேட்டால் 'நல்லா கீறேன்' என்று சொல்லி முடித்துக்கொள்கிற வழக்கம் கிடையாது. கண் பட்டுவிடும். மகளுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, மகனுக்குப் பெண் அமைந்து, அன்று காலையில்தான் மேல்மாடிக்கு கான்கிரீட் போட்டவன்கூட, 'இன்னாத்த சொல்றது மாமு, முட்டி வலி பேஜாரு பண்ணுது' என்பான். அது ஒரு மரியாதை. அப்போதுதான் கேட்டவனும் தன் முட்டியைப் பற்றிப் பேச முடியும். நோயல் இதில் கில்லாடி. லாரி வரிசை, வெயில், டீயில் சர்க்கரை, முட்டி என்று அவன் புலம்ப ஆரம்பித்தால் அதைக் கேட்கவே கடையில் ரெண்டு பேர் கூடுதலாக நிற்பார்கள், ரெண்டு துண்டு மீன் கூடுதலாகப் போகும்.

(*உள்ளூர் வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். போகிற போக்கில் உங்கள் முட்டி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.)

"அப்பால?" என்றாள் டெபோரா.

"அப்பால இன்னா? காலைல மாட்டுக்குப் புல்லு போட்டேன். ஏரியாண்ட குந்திகினு கீறேன். ஜோரா கீது."

"முட்டி?"

"முட்டிக்கு இன்னா? அதுவும் நல்லாதான் கீது. நீயும் கெளம்பி வாயேன் டெபோரா. பொண்டாட்டிய இட்டுகினு வான்னு மொதலாளியே சொல்லிட்டாரு."

"அங்க யார்கிட்ட பேசறது?"

"ஏரி கீது."

"ஏரிகிட்ட பேசறதுக்கு நான் இன்னா லூசா?"

பேச்சில் வஞ்சிரம் கருகிப்போனது. அவள் கை மீன் கருகி யாரும் பார்த்ததில்லை.

4.

டெபோராவின் அண்ணன் லூர்து. ஹார்பரில் கிரேனுக்குக் கீழே நின்று கைச் சைகை காட்டியே ரிட்டயர் ஆனவர். அங்கே இருக்கிற இரைச்சலில் கீழேயிருந்து கத்தினால் மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்காது. தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாமே கைதான். வீட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமென்றாலும் லூர்து வாயைத் திறக்க மாட்டார், காட்டுவார்.

"'நல்லா கீறேன்'னு மட்டும் சொன்னானா? வேற எதுவும் சொல்லலியா?"

"சொல்லல அண்ணே."

"பக்கத்துல எவனோ நின்னுகினு சொல்ல வெக்கிறான். ஆளே இல்லாத ஊர்ல மனுசன் எப்டி நல்லா இருப்பான்?"

தெரு முழுவதும் ஒப்புக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் வீடியோ கால். டெபோரா போனைப் பிடித்துக்கொள்ள, பின்னால் பாதித் தெரு. திரையில் நோயல், நோயலுக்குப் பின்னால் ஏரி. கொஞ்சம் சதை போட்டிருந்தான். ("அடிச்ச வீக்கம்" என்றார் ஒருவர்.) பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று ரெண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி வீச ஆரம்பித்தான். லூர்து நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"எமர்ஜென்சி ஸ்டாப்! ஆபத்து, அல்லாத்தையும் நிறுத்துன்னு காட்டுறான்! ஹார்பர்ல வேல செஞ்சவனுக்குத்தான் இது தெரியும். அவனுங்களுக்குத் தெரியாம நமக்குக் காட்டுறான் பாரு, என்னா மூளடா மாப்ள!"

"கொசு அண்ணே" என்றாள் டெபோரா.

"வெளிநாட்டுல ஏதும்மா கொசு?"

தெருவே தலையாட்டியது. கொசுவை எங்கள் சொந்தச் சொத்தாக நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்குள் நோயல் தன் உச்சந்தலையில் படார் படார் என்று குத்திக்கொண்டான்.

"பெரிய கொக்கிய எறக்கச் சொல்றான்!" லூர்துவின் குரல் உடைந்துவிட்டது. "வந்து என்னத் தூக்கிகினு போங்கன்னு சொல்றான்யா!"

அங்கேயே அழுதார். பொய் அழுகை இல்லை. தங்கை புருஷன் மேல் அந்த மனிதருக்கு அவ்வளவு பாசம். பேனருக்கு அன்றைக்கே ஆர்டர் போய்விட்டது, மறுநாள் சர்க்காருக்கு மனுவும் போனது.

5.

[இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு நோயல் மேல் நம்பிக்கை வரவில்லை.]

அயல்நாடு போனவன் நம் எழுத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜன்னலோரம் நிற்க வேண்டும். பனியைப் பார்க்க வேண்டும். ரசத்தை நினைக்க வேண்டும். நோயலுக்கு இதெல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்குத் தனிமை கொடுத்தேன். கொடுமைக்கார முதலாளி ஒருவரைச் செய்தேன். எதுவும் அவன் மேல் ஒட்டவில்லை. கடைசியில் டெபோராவிடம் நம்பரை வாங்கி அவனிடமே கேட்டேன். "தம்பி, கதைக்கு வேணும், ஏதாவது ஒரு குறை சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தான் பாவம்.

"ரொட்டி கறுப்பா, புளிப்பா இருந்துச்சிண்ணே. பேஜாரா பூடுச்சி."

"ஆங், சொல்லு, சொல்லு."

"இப்ப அதான் பிடிக்குது."

இவனை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்? நானும் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு பேனர்காரர்கள் பக்கம் சேர்ந்திருப்பேன். டெபோராதான் என்னை நிறுத்தினாள். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"அவன கட்டிப்போட்டு வெச்சிகீறானுங்கன்னா பரவால்லண்ணே. அயுதுட்டு, சாமிகிட்ட வேண்டிகினு, அவன் வர்ற வரிக்கும் கெடப்பேன். நெசமாவே நல்லா கீறான்னா இன்னா பண்றது? இத்தினி வருசம் என் பக்கத்துல குந்திகினு முட்டி வலி முட்டி வலின்னான். நான் இல்லாத ஊருக்குப் போனான், முட்டி சரியாயிடுச்சி. அப்ப வலி நானா?"

கொசுவுக்குச் சிரித்த நான் இதற்கு என்ன செய்வது?

6.

நோயலை மீட்கச் சொல்லி டோல்கேட்டில் மறியல் என்று லூர்து நாள் குறித்தார். அன்று காலையில் நோயல் போன் செய்தான். இந்த முறை புலம்பினான். டெபோராவுக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இன்னா வேல பண்ணி வெச்சிகீறான் உங்கண்ணன்? இங்க பண்ணைக்குப் போலீஸ் வந்துச்சி. என்னத் தனியா இட்டுகினு போயி, 'உன்ன அடிக்கிறாங்களா, சோறு போடறாங்களா'ன்னு கேக்குறாங்க. மொதலாளி ஆடிப்பூட்டாரு. இன்னொரு தபா போலீஸ் வந்தா வேல கெடையாது, ஊரப் பாத்துப் போன்னுட்டாரு. உங்கண்ணன் என்ன மீட்டான்னா நான் எங்க போவேன்? திரும்ப அந்த லாரி லைன்லயா?"

டெபோரா அடுப்பை அணைத்தாள்.

"யோவ், ஒண்ணு கேக்குறேன், நெசத்த சொல்லு. நான் இல்லாம சந்தோஷமாதான் கீறியா?"

வேறு எவனாக இருந்தாலும் டபாய்த்திருப்பான். [நான் டபாய்க்கிற மாதிரிதான் எழுதிவைத்திருந்தேன். 'நீ இல்லாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையா' என்று ஒரு வரி, எனக்கே பிடித்த வரி. நோயல் சொல்லவில்லை.]

"கீறேன் டெபோரா" என்றான். "உன்ன நெனைக்காத நாள் இல்ல. ஆனா நெனைச்சிகினே சந்தோஷமாவும் கீறேன். ரெண்டும் ஒண்ணா கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

அவள் போனை வைத்துவிட்டு டோல்கேட்டுக்குக் கிளம்பினாள். அங்கே லூர்து நடுரோட்டில் சம்மணம் போட்டிருந்தார். பின்னால் தெரு ஜனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. அதற்கும் பின்னால் திருவொற்றியூர் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் நின்றன. நோயலுடைய பழைய தோஸ்துகள்தான் ஓட்டுநர்கள். நின்றுபோனதே போராட்டத்துக்குத் தாங்கள் கொடுக்கிற ஆதரவு என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்து டெபோராவிடம் தன் போனைக் கொடுத்தார். மறுமுனையில், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைத் திருப்பி அழைத்துவரும் அதிகாரி. தன்மையான குரல்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கேன்னுதான் அங்க சொல்லியிருக்கார். அவர் பயந்துபோய் அப்படிச் சொல்றார்ங்கறார் உங்க அண்ணன். சம்சாரம் நீங்க சொன்னா முடிஞ்சுது. அவர் இஷ்டப்பட்டு, சந்தோஷமா இருக்கார்னா இத்தோட விட்டுடறோம். இல்லன்னா கூட்டிட்டு வர ஏற்பாடு பண்றோம். சொல்லுங்கம்மா."

ஜனம் காதைத் தீட்டிக்கொண்டது. ஹாரன்கூட நின்றுவிட்டது. இத்தனை பேர் எதிரில், 'என் புருஷன் நான் இல்லாத இடத்தில் சந்தோஷமாக இருக்கிறான்' என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும்.

7.

முடிவுகள் தயாராக இருக்கின்றன.

(அ) 'இஸ்துகினு வாங்க சார்' என்கிறாள். நோயல் வருகிறான். ஏர்போர்ட்டில் ஆளுயர மாலை, பட்டாசு. அடுத்த வாரமே லாரி வரிசை. ரெண்டாம் நாள் முட்டி வலி திரும்புகிறது, தெருவே நிம்மதியாகத் தூங்குகிறது. இதை டெபோராவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நான் ராட்சசியாண்ணே?" என்றாள். கிழித்துவிட்டேன்.

(ஆ) 'சந்தோஷமா கீறாரு சார், நானும் போறேன்' என்கிறாள். ஏரிக்கரையில் வறுவல் கடை. கறுப்பு ரொட்டிக்கு மீன் வறுவல் தொட்டுக்கொண்டு லாட்காலேயே சப்புக்கொட்டுகிறது. "இது கோல்டு லோன் விளம்பரம் மாரி கீதுண்ணே" என்றாள். அதுவும் போனது.

(இ) 'சந்தோஷமா கீறாரு சார்' என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைக் கொடுத்துவிட்டு, திரும்பி நடந்து, கடையைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய்—

இதை அவளிடம் படித்துக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே டோல்கேட்டில் அவளை அப்படியே நிற்க வைத்திருக்கிறேன். வெயில் ஏறுகிறது. லூர்து ஒன்றும் புரியாமல் தங்கையின் முகத்தையே பார்க்கிறார், கையால்கூட எதுவும் காட்டவில்லை. அதிகாரி 'ஹலோ, ஹலோ' என்கிறார். டெபோரா போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொல்கிறாள்:

"கத எய்துனது போதும்ணே. நீ பாத்துகினு இருந்தா எனக்கு வாய் வரல."

நியாயம்தானே? நான் நகர்ந்துகொள்கிறேன். நீங்கள் வேண்டுமானால் நில்லுங்கள், உங்களை அவளுக்குத் தெரியாது. கையை எடுக்கிறாள்.